ஹோட்டல் பில்லில் நீங்க கட்டுற 20 ரூபாய் எங்க போகுது? - ஒரு நீளமான த்ரெட்

1/
திருச்சி - சென்னை ரோட்டுல வாலிகண்டபுரம் பக்கமா போனவங்க நிறைய பேர் இங்க எங்கயாவது வண்டிய நிறுத்தி சாப்பிட்டிருப்பீங்க. பில்லோட கடைசி இரண்டு வரிய பார்த்தீங்களா?
சிஜிஎஸ்டி 2.5%
எஸ்ஜிஎஸ்டி 2.5%
400 ரூபாய்க்கு சாப்பிட்டா 20 ரூபாய் வரி. அந்த 20 ரூபாயோட பயணத்தைத்தான் எழுதப் போறேன். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2/
நான் எம்பிபிஎஸ். அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர். இது என் சொந்தக் கருத்து, என் துறையோட கருத்து இல்ல.
"டாக்டருக்கு எதுக்கு வரிக் கணக்கு?"ன்னு கேட்க வர்றவங்களுக்கு முன்கூட்டியே பதில்: நான் போடுற தையல் நூல், ஏத்துற குளுக்கோஸ், வாங்குற சம்பளம் எல்லாமே வரிப் பணம். அது எங்க தேங்குது, எங்க வரலைங்கறது எனக்கு தினசரி டியூட்டி பிரச்சினை.

3/
என் வாதத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஒவ்வொண்ணா விளக்கறேன்.
ஒரு ஊருல தோண்டுற சுண்ணாம்புக்கல்லுக்கு அந்த மாவட்டத்துக்கு பங்கு உண்டு. அந்த ஊருல ஓடுற சினிமாவுக்கு ஊராட்சிக்கு வரி உண்டு. அந்த ஊர் நிலத்தை வித்தா உள்ளாட்சிக்கு பங்கு உண்டு. ஆனா அந்த ஊருல விக்கிற சாப்பாட்டு வரியில அந்த ஊருக்குன்னு பேர் எழுதி ஒரு பைசா கூட வர்றதில்ல.

4/
இது இயற்கை நியதி இல்லீங்க, ஒரு முடிவு. இதை மாத்த டெல்லிக்குப் போக வேண்டாம். ஜிஎஸ்டி கவுன்சில் கிட்ட கேட்க வேண்டாம். புது வரி போட வேண்டாம். கோட்டையில ஒரு முடிவு எடுத்தா போதும்.
எப்படின்னு பார்ப்போம்.

5/
முதல்ல கொஞ்சம் வரலாறு.
2017 ஜூலை 1க்கு முன்னாடி தமிழ்நாட்டுல சாதாரண ஏசி இல்லாத ஹோட்டலுக்கு வாட் 2% தான். அது முழுசா மாநிலத்துக்கு. ஒன்றிய அரசோட சேவை வரி ஏசி ஹோட்டலுக்கு மட்டும். அதாவது மெஸ்ஸுல சாப்பிட்டவர் இட்லியில டெல்லிக்கு நேரடியா எதுவும் கட்டல.

6/
ஜிஎஸ்டி வர்றப்போ ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12%, ஏசி ஹோட்டலுக்கு 18%னு அறிவிச்சாங்க. 2017 மே 30ல தமிழ்நாட்டு ஹோட்டல்காரங்க ஒரு நாள் கடையடைப்பே நடத்தினாங்க. ஜூலையில அந்த விகிதத்துலயே அமலுக்கு வந்துச்சு. மக்கள் பில்லைப் பார்த்து அலறினதும், அதே வருஷம் நவம்பர் 15லருந்து 5% ஆச்சு.
இன்னிக்கு வரைக்கும் அதே 5%. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல வாங்குற பெரிய ஹோட்டல்களுக்கு மட்டும் 18%.

7/
5% ஆக்கினப்போ ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஹோட்டல்காரர் வாங்குற பொருளுக்கு கட்டின ஜிஎஸ்டியை கழிச்சுக்க முடியாது.
புரியும்படி சொன்னா: கமர்ஷியல் கேஸ் சிலிண்டருக்கு 18% ஜிஎஸ்டி. கடை வாடகை, ஃப்ரிட்ஜ், பார்சல் டப்பா எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. அதை அவர் எங்கயும் திரும்ப வாங்க முடியாது. அதனால தோசை விலையிலயே ஏத்திடுவார். பில்லுல தெரியறது 5%. விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது தனி.

8/
இன்னொண்ணு. பட்டு கட்டிக்கிட்டு 2,000 ரூபாய்க்கு சாப்பிடற குடும்பத்துக்கும் 5%. ராத்திரி முழுக்க லாரி ஓட்டி 120 ரூபாய் சாப்பாடு சாப்பிடற டிரைவருக்கும் 5%.
"சின்னக் கடைக்கு வரி இல்லையே"ம்பீங்க. வருஷ வியாபாரம் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம், சரி. அது ஒரு நாளைக்கு சுமார் 5,500 ரூபாய். ரோட்டோரத்துல நாலு மேஜை போட்ட பரோட்டா கடையே அதைத் தாண்டிடும்.

9/
இப்போ அந்த 20 ரூபாயைப் பின்தொடர்வோம்.
பணத்துக்கு முகம் கிடையாது. எல்லா வரியும் ஒரே தொகுப்பு நிதியில போய் கலந்துடும். அதனால இது நோட்டு நம்பர் பார்த்து தேடற கணக்கு இல்ல, பங்கீட்டு விகிதத்தை வெச்சுப் போடற கணக்கு. ஆனா படம் தெளிவா தெரியும்.

10/
முதல் 10 ரூபாய். சிஜிஎஸ்டி. இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகுது.
15வது நிதிக் குழு கணக்குப்படி (2021-26) ஒன்றிய அரசோட பகிர வேண்டிய வரியில 41% மாநிலங்களுக்கு. அதாவது 4 ரூபாய் 10 காசு. மீதி 5 ரூபாய் 90 காசு ஒன்றிய அரசு கிட்டயே.

11/
அந்த 4.10ஐ 2021-26ல மாநிலங்களுக்கு இப்படிப் பிரிச்சாங்க.
உத்தரப் பிரதேசம் 17.939% - 73.5 காசு
பீகார் 10.058% - 41 காசு
தமிழ்நாடு 4.079% - 16.7 காசு
அந்தக் கணக்குப்படி வாலிகண்டபுரத்துல கட்டின 10 ரூபாய் சிஜிஎஸ்டியில தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது 17 காசுக்கும் கொஞ்சம் கம்மி.

12/
இங்கதான் எல்லாரும் ஷேர் பண்ணிட்டு கோபப்பட்டுட்டு போயிடறாங்க. கொஞ்சம் நில்லுங்க.
நியாயமா சொல்லணும்னா, லக்னோவுல ஒருத்தர் சாப்பிட்டு கட்டுற சிஜிஎஸ்டியிலயும் நமக்கு அதே விகிதத்துல பங்கு உண்டு. அதனால இந்த 17 காசை மட்டும் பிடிச்சுக்கிட்டு தீர்ப்பு எழுதக் கூடாது. மொத்தத்துல நாம கொடுக்கறது அதிகம், வாங்கறது கம்மிங்கறது உண்மை. அதுக்கு இந்த ஒரு பில் ஆதாரம் இல்ல.

13/
அப்புறம், "நம்ம காசை பீகார்காரன் திங்கறான்"ங்கற கமெண்ட்டை தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க.
ஹைவே ஹோட்டல் கிச்சனுக்குள்ள போய்ப் பாருங்க. மாவு பிசையறது யாரு, பாத்திரம் கழுவறது யாரு? அந்தப் பையனோட அம்மாவுக்கும் ஊருல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேணும். கேஷுவாலிட்டியில அதிக ரத்தம் போறவரைத்தான் முதல்ல பார்ப்போம். ஏழை மாநிலத்துக்கு கூடுதலா கொடுக்கறதும் அதே நியாயம்தான்.

14/
என் சண்டை பீகாரோட இல்ல. அந்த 5 ரூபாய் 90 காசோட.
அதோட சேர்த்து பகிரவே வேண்டாத பணம் ஒண்ணு இருக்கு: செஸ், சர்சார்ஜ். ஹோட்டல் பில்லுல அது இல்ல. ஆனா அந்த ஹோட்டலுக்கு அரிசி மூட்டை ஏத்தி வந்த லாரியோட டீசல்ல இருக்கு. டீசலுக்கு ஒன்றிய அரசு வாங்கறதுல பெரும்பகுதி இந்த இரண்டும்தான். மாநிலங்களுக்கு வரிப் பங்கா இதுல ஒரு பைசா கிடையாது.

15/
டாக்டரா எனக்கு வயிறு எரியற இடம்: வருமான வரி மேல 4% "சுகாதாரம், கல்வி" செஸ். 2018 பட்ஜெட்ல 3%ஐ 4% ஆக்கினாங்க. பேருல சுகாதாரம் இருக்கு.
ஆஸ்பத்திரிகளை நடத்தறது பெரும்பாலும் மாநிலம். சுகாதாரம் அரசியல் சட்டப்படியே மாநிலப் பட்டியல். ஆனா சுகாதாரத்துக்குன்னு வாங்குற செஸ் மாநிலத்தோட பகிர வேண்டாத பணம். இதுக்கு என்ன பேர் வைக்கறது?

16/
சரி, டெல்லியைத் திட்டி முடிச்சாச்சு. கைதட்டல் கிடைச்சிருக்கும். இனி கைதட்டல் கிடைக்காத பகுதி.
இரண்டாவது 10 ரூபாய். எஸ்ஜிஎஸ்டி. இது முழுசா தமிழ்நாட்டு அரசுக்கு. டெல்லி இதைத் தொடறதில்ல. இந்தப் பணத்தை என்ன செய்யணும்னு முடிவு பண்றது நாம ஓட்டுப் போட்டு அனுப்பின சட்டமன்றம்.

17/
மாநில நிதி ஆணையத்தோட பரிந்துரைப்படி, மாநிலத்தோட சொந்த வரி வருவாயில 10% உள்ளாட்சிகளுக்குப் போகுது. நம்ம 10 ரூபாயில 1 ரூபாய்.
அந்த ஒரு ரூபாயை சென்னை மாநகராட்சியிலருந்து 12 ஆயிரத்துக்கும் மேல இருக்கிற கிராம ஊராட்சிகள் வரைக்கும் பிரிக்கறாங்க. வாலிகண்டபுரத்துக்கு அதுல என்ன வரும்? காசு கணக்கே பத்தாது, தசமப் புள்ளிக்குப் பின்னாடி சைபர் போட்டுக்கிட்டே போகணும்.

18/
மக்கள்தொகை மாதிரியான அளவுகோலை வெச்சு பிரிக்கறாங்க. அதுவும் 2011 கணக்கெடுப்பு.
ஹைவேயில தினம் வந்து போற ஆயிரக்கணக்கான பேர் எந்த ஊர் மக்கள்தொகையிலயும் இல்ல. ஆனா அவங்க குடிக்கற தண்ணி இந்த ஊர் நிலத்தடி நீர். அவங்க போடற இலை, தண்ணி பாட்டில், பார்சல் கவர் இந்த ஊர் குப்பை. அள்ளறது இந்த ஊர் தூய்மைக் காவலர்.

19/
அவங்க வண்டி கவிழ்ந்தா வர்றது இந்தப் பகுதி 108. சேர்க்கறது பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி.
நாலு வழிச் சாலைப் பக்கத்துல வேலை பார்க்கற எந்த கேஷுவாலிட்டி டாக்டரையும் கேளுங்க. விடியற்காலை இரண்டு மணிக்கு மேல போன் அடிச்சா எங்களுக்கு மனசுக்குள்ள வர்ற முதல் நினைப்பு ரோடுதான். தலைக் காயம்னா முதலுதவி செஞ்சு, டியூப் போட்டு, பெரும்பாலும் திருச்சிக்கு அனுப்பணும்.

20/
இங்கருந்து திருச்சி ஏறக்குறைய 65-70 கிலோமீட்டர். மூளைக்குள்ள ரத்தம் கசியற ஒருத்தருக்கு அந்த நேரம் எவ்வளவு பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.
அரியலூருக்கு 2022ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. பெரம்பலூர் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள்ல ஒண்ணு. மாநிலத்தோட முக்கியமான ஹைவே நடுவுல போற மாவட்டம் இது.

21/
மாநில அரசு ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா பொய். 2021 டிசம்பர் 18ல மேல்மருவத்தூர்ல தொடங்கின "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" நல்ல திட்டம். விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி, காப்பீட்டு அட்டை கேட்கறதில்ல. நான் கண்ணால பார்த்து நம்பற திட்டம்.

22/
ஆனா அந்தத் திட்டம் நோயாளியோட பில்லைக் கட்டுது. ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னொரு நர்ஸ், இன்னொரு ஸ்ட்ரெச்சர், வேலை செய்யற ஜெனரேட்டர், ஹைவே ஓரத்துல ஒரு விளக்கு, ரோட்டை கடக்க ஒழுங்கான வழி... இதெல்லாம் ஊர் அளவுல தீர்க்க வேண்டிய விஷயம். அதுக்கு ஊர் அளவுல பணம் வேணும். அந்தப் பணம் இங்க தினமும் கல்லாவுல விழுந்து, இங்கருந்து கிளம்பிப் போகுது.

23/
"ஊருக்குன்னு வரியில பங்கு கேட்டா நாடு எப்படிப்பா ஓடும்?"ம்பீங்க.
நல்ல கேள்வி. நம்ம ஊருலயே ஓடிக்கிட்டு இருக்கிற மூணு உதாரணம் தர்றேன். மூணும் சட்டப்படி நடக்கிறது.

24/
உதாரணம் 1: சுண்ணாம்புக்கல்.
அரியலூர் முழுக்க சிமென்ட் ஆலைகள். 2015ல கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைன்னு கொண்டு வந்தாங்க. சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டற ராயல்டிக்கு மேல, அதுல 10% அல்லது 30% அந்த மாவட்டத்துக்கே கட்டணும். குடிநீர், சுகாதாரம், கல்விக்குத்தான் முன்னுரிமை.
காரணம் எளிது. லாரி ஓடற தூசி இங்க, பள்ளம் இங்க, அதனால பங்கும் இங்க.

25/
உதாரணம் 2: நிலம்.
நீங்க பத்திரம் பதியறப்போ முத்திரைத் தீர்வையோட ஒரு கூடுதல் தீர்வையும் கட்டறீங்க இல்ல? அது உள்ளாட்சிக்குப் போக வேண்டிய பணம். வசூலிக்கறது பதிவுத் துறை, சேர வேண்டியது நிலம் இருக்கிற உள்ளாட்சிக்கு.

26/
உதாரணம் 3: சினிமா. எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இதுதான்.
ஜிஎஸ்டிக்கு முன்னாடி கேளிக்கை வரியில 90% உள்ளாட்சிக்கு. ஜிஎஸ்டி வந்தப்போ மாநிலங்களோட பல வரிகளை விழுங்கினாங்க. ஆனா ஊராட்சியும் நகராட்சியும் தானே வசூலிக்கற கேளிக்கை வரியை மட்டும் அரசியல் சட்டத் திருத்தத்துலயே விட்டு வெச்சாங்க.

27/
தமிழ்நாடு உடனே 2017லயே அதுக்கு தனிச் சட்டம் போட்டுச்சு. 28% ஜிஎஸ்டிக்கு மேல 30% உள்ளாட்சி வரின்னதும் ஜூலை முதல் வாரம் தியேட்டர்கள் எல்லாம் மூடினது ஞாபகம் இருக்கா? அப்புறம் பேசிக் குறைச்சாங்க. ஆனா அந்த உரிமை நிலைச்சுது.
ஆக ஒரு ஊருல படம் ஓடினா அந்த ஊருக்கு வரி. அதே ஊருல பரோட்டா ஓடினா ஊருக்கு சைபர். பாப்கார்ன் தின்ன வந்தவங்களை விட பரோட்டா தின்ன வந்தவங்க குப்பை கம்மியா போடறாங்களா?

28/
வெளிநாட்டுலயும் இது புதுசு இல்ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஹோட்டல் சாப்பாட்டுக்கு மாநில வரி 6.25%. 2009லருந்து எந்த ஊர் விரும்புதோ அது தனியா 0.75% போட்டுக்கலாம். அந்த 0.75 அந்த ஊருக்கு. பில்லுக்கும் ஊருக்கும் நேரடித் தொடர்பு.

29/
அதே நாட்டுல எச்சரிக்கையும் இருக்கு. இண்டியானாபோலிஸ் இருக்கிற மாவட்டத்துல சாப்பாட்டு வரியை 2005ல 1%லருந்து 2% ஆக்கினாங்க. எதுக்கு? பெரிய விளையாட்டு மைதானம் கட்ட.
ஒரு வரியை ஒரு செலவுக்குன்னு கட்டி வெக்கறது மட்டும் புண்ணியம் ஆகிடாது. எந்தச் செலவுக்கு, யார் முடிவு பண்றாங்க, யார் கணக்கு கேட்கறாங்க. இந்த மூணும் சரியா இருக்கணும்.

30/
"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஐடியா"ன்னு சொல்றவங்களுக்கு:
காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு. வீரராஜேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை. வைத்தியர், அறுவை செய்யறவர், மருந்து சேகரிக்கறவர், நோயாளியைப் பார்த்துக்கற பெண்கள், இருப்புல இருக்க வேண்டிய மருந்துகள்... எல்லாமே கல்லுல இருக்கு. செலவுக்கு வயலைக்காவூர்ங்கற ஊரோட வருவாய்.

31/
ஆயிரம் வருஷம் முன்னாடி எந்த ஊர் வருவாய் எந்த ஆஸ்பத்திரி படுக்கைக்குன்னு கல்லுல வெட்டி எல்லாரும் படிக்கற இடத்துல வெச்சாங்க.
இன்னிக்கு கம்ப்யூட்டர், போர்ட்டல், க்யூஆர் கோடு எல்லாம் இருக்கு. வாலிகண்டபுரத்துல போன வருஷம் சாப்பாட்டு ஜிஎஸ்டி எவ்வளவு வசூலாச்சுன்னு ஒரு ஊர்க்காரர் பார்க்க ஒரு பலகை கிடையாது.

32/
ஏன் கிடையாது? ஒரு டெக்னிக்கல் காரணம் இருக்கு.
ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு ஒண்ணு. சென்னையில தலைமை அலுவலகம் வெச்சு, ஹைவே முழுக்க பத்து கிளை நடத்தற ஹோட்டல் ஒரே நம்பர்ல ஒரே கணக்கா தாக்கல் பண்ணும். வாலிகண்டபுரத்துல சாப்பிட்ட பில் சென்னைக் கணக்குல கரைஞ்சிடும். கிளை முகவரி பதிவுல இருக்கும், கிளை வாரி வரி கணக்குல இருக்காது.

33/
தீர்க்க முடியாத பிரச்சினையா? ஒவ்வொரு கிளையிலயும் தனித்தனியா பில் போடற மெஷின் இருக்கு. அன்னன்னிக்கு எவ்வளவு ஆச்சுன்னு ஓனர் ராத்திரி போன்லயே பார்க்கறார். பின்கோடு வாரியா வருஷத்துக்கு ஒரு தாள் கொடுங்கன்னு வணிக வரித் துறை கேட்டா வந்துடும். கேட்கணும், அவ்வளவுதான்.

34/
இன்னொரு பெரிய ஓட்டை.
பெரம்பலூர் உட்பட 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுது. அப்போ புதுத் தேர்தல் நடக்கல. தலைவர் இருந்த இடத்துக்கு தனி அலுவலர் வந்தார். நிதிக் குழு மானியமோ தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான்னு விதி.
டெல்லி கிட்ட "எங்க பங்கு எங்கே"ன்னு கேட்கற கோட்டைக்கு, ஊராட்சி வந்து "எங்க பங்கு எங்கே"ன்னு கேட்டா கசக்குதா?

35/
மாநில சுயாட்சின்னா சென்னையோட நின்னுடற விஷயமா?
41% கொடுக்கறது அநியாயம்னு மேடையில பேசறோம். சரி, நானும் ஒத்துக்கறேன். நாம நம்ம உள்ளாட்சிக்கு கொடுக்கறது 10%. இதை எந்த மேடையிலயும் பேசிக் கேட்டதில்ல. அந்தக் கட்சி இந்தக் கட்சின்னு இல்ல, இரண்டு பக்கமும்தான்.

36/
இப்போ என் கோரிக்கை. நாலே நாலு.
ஒண்ணு: ஹோட்டல் சாப்பாட்டுல வர்ற எஸ்ஜிஎஸ்டியில பத்துல ஒரு பங்கு, அந்தச் சாப்பாடு வித்த ஊருக்கு. இப்போ கொடுக்கற 10%க்கு மேல, தனியா. 400 ரூபாய் பில்லுல வெறும் 1 ரூபாய். வாடிக்கையாளருக்கு ஒரு பைசா ஏறாது. தன் கைக்கு வந்த எஸ்ஜிஎஸ்டியை எப்படிச் செலவு பண்ணணும்னு மாநிலம் தானே முடிவு பண்ணலாம்.

37/
இரண்டு: அந்த ரூபாயில பாதி ஊராட்சிக்கு - குப்பை, குடிநீர், தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை. மறு பாதி மாவட்ட அளவுல ஒரு விபத்து சிகிச்சை நிதிக்கு. கனிம அறக்கட்டளை மாதிரியே கலெக்டர் தலைமையில நடக்கட்டும். ஆனா அந்த மாவட்ட அரசு ஆஸ்பத்திரியோட கேஷுவாலிட்டி பொறுப்பு டாக்டரும் நர்ஸும் அந்தக் குழுவுல இருக்கணும். எது இல்லன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

38/
மூணு: வரவும் செலவும் ஊராட்சி அலுவலகச் சுவர்ல பெயின்ட்டுல எழுதணும். கிராம சபையில படிக்கணும்.
நாலு: உள்ளாட்சித் தேர்தலை காலத்துக்கு நடத்தணும். தலைவர் இல்லாத ஊருக்கு பணம் வந்தா அது வேற யாரோட மேஜையிலயோதான் உக்காரும்.

39/
எதிர்ப்பு வரும், பதில் சொல்லிடறேன்.
"இப்படிப் பண்ணா சென்னைக்கும் கோவைக்கும்தான் அதிகம் போகும், ஏழை ஊருக்கு ஒண்ணும் வராது." பாதி உண்மை. அதனாலதான் பத்துல ஒண்ணு மட்டும் கேட்கறேன், மீதி ஒன்பது தேவைப்படற இடத்துக்குப் போகட்டும். மாநகராட்சிக்கு ஒரு உச்சவரம்பு வெச்சுக்கலாம். ஹோட்டலே இல்லாத மலைக் கிராமத்தோட பங்கைப் பிடுங்கி இதைக் கொடுக்கச் சொல்லல.

40/
"நேரா சுகாதாரத்துக்குன்னு ஒரு செஸ் போட்டா என்ன?" வேண்டாம். செஸ்ஸோட கதையை மேல பார்த்தோம். செஸ் வந்ததும் பட்ஜெட்ல அதே அளவு குறைச்சுட்டா மொத்தம் பழையபடிதான். புது வரி கேட்கற டாக்டர் நான் இல்ல. ஏற்கனவே கட்டினதோட விலாசத்தைக் கேட்கறேன்.

41/
"அப்போ உடம்புக்குக் கெடுதலான சாப்பாட்டுக்கு கூடுதல் வரி?" 2016ல கேரளா பண்ணுச்சு. பிராண்டட் கடைகள்ல விக்கிற பர்கர், பீட்சா மாதிரி அயிட்டங்களுக்கு 14.5%. "கொழுப்பு வரி"ன்னு நாடே பேசுச்சு. ஒரு வருஷத்துல ஜிஎஸ்டி வந்து முடிச்சு வெச்சுது.
இன்னிக்கு எந்த மாநிலமும் தனியா அப்படி ஒரு விகிதம் வெக்க முடியாது. கவுன்சில்ல ஒன்றிய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, முடிவெடுக்க முக்கால் பங்கு வேணும். அதாவது டெல்லி வேண்டாம்னா எதுவும் நடக்காது.

42/
அதனால விகிதத்தை மாத்த நம்மால முடியாது. ஆனா வந்த பணத்தைப் பிரிக்க முடியும். கையில மிச்சம் இருக்கிற அதிகாரம் அது ஒண்ணுதான். அதையும் பயன்படுத்தாம உக்காந்திருக்கறதுதான் எனக்குக் கோபம்.

43/
கடைசியா, சாப்பிடற நாம செய்ய வேண்டியது.
பில் கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி போட்டிருந்தா நம்பர் இருக்கான்னு பாருங்க. 15 எழுத்து, தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும். நம்பர் இல்லாம ஜிஎஸ்டி வாங்கினா அந்தக் காசு டெல்லிக்கும் போகல, சென்னைக்கும் போகல, கல்லாவுலயே நிக்குது.

44/
ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் பண்ற கடைகள்ல சிலது காம்போசிஷன் திட்டத்துல இருக்கும். அவங்க தன் கையிலருந்துதான் வரி கட்டணும். உங்ககிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பில்லுலயே அதை எழுதி வெக்கணும்.
அப்புறம் "சர்வீஸ் சார்ஜ்"ங்கறது வரி இல்ல. அரசுக்குப் போகாது. கட்டாயப்படுத்தி வாங்க முடியாது.

45/
எங்க ஊர் பக்கத்துக்காரங்களுக்கு தனியா ஒண்ணு. செட்டிகுளம் சின்ன வெங்காயம் சாம்பார்ல போகுது. நம்ம தண்ணி டம்ளர்ல போகுது. நம்ம பிள்ளைங்க ராத்திரி ஷிஃப்டுல பரிமாறறாங்க. வரி மட்டும் நம்மைத் தாண்டிப் போகுது.
ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்ததுல ஒருத்தராவது எழுந்து கேளுங்க: "நம்ம எல்லையில இருக்கிற ஹோட்டல்கள்ல போன வருஷம் வசூலான வரி எவ்வளவு? நமக்கு வந்தது எவ்வளவு?"

46/
பதில் கிடைக்காது, எனக்கும் தெரியும். "பதில் இல்லை"ன்னு தீர்மானப் புத்தகத்துல எழுத வையுங்க. அது ஒரு ஆவணம். பத்து ஊருல எழுதினா ஒன்றியத்துல பேசுவாங்க. நூறு ஊருல எழுதினா கோட்டையில பேசியாகணும்.
கேட்கறது பில்லுக்கு ஒரு ரூபாய். சரின்னு பட்டா பகிருங்க. தப்புன்னு பட்டா கணக்கோட வந்து சொல்லுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் எழுதறேன்.